மெழுகுதிரி அசையாத அறை

தம்பி, அம்மா எழுதுகிறேன். இதை வாசிக்கத் தொடங்குமுன் எழுந்து போய் அந்த அறையின் காஸ் ஹீட்டரை நிறுத்து. கதவையும் யன்னலையும் அகலத் திறந்து விடு. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு குசினியில் போய் இருந்து வாசி. ஹீட்டர் நின்றதைத் தன் கண்ணால் பார்க்காமல் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டாம் என்று குகனிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன். அவன் சுமதியின் அண்ணன், உன் மச்சான் என்பதற்காகவாவது அவனோடு வாசலில் நின்று சண்டை பிடிக்காதே. போன் எடுத்துப் பார்த்தேன், நீ அதைக் கழற்றி வைத்துவிட்டாய் போலிருக்கிறது. நேரில் வந்து சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது. பாதியில் அழுதுவிடுவேன், நீயும் மிச்சத்தைக் கேட்காமல் எனக்குத் தண்ணீர் எடுத்துவர எழும்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

சுமதியும் பிள்ளையும் இங்கே ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டில் இருக்கிறார்கள். இன்று காலை நீ வேலைக்குப் போகும்வரை தெருமுனைக் கடைக்குள் நின்றுவிட்டு, உள்ளே வந்து, மினிகாப் பிடித்து இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். சுமதியைக் குற்றம் சொல்லாதே, அவளுக்கு எழும்பி நிற்கவே தலை சுற்றியது. மத்தியானம் நீ போனில் கத்தினாய். "துடக்குக் கழியாத பிள்ளைப்பெத்தவளையும் பச்சைப்பிள்ளையையும் இந்தக் குளிருக்குள்ளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறீங்கள், உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டாய். விசர்தான், இல்லை என்று சொல்லவில்லை. பின்னேரம் டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது இருவரும் பரவாயில்லை, ஃப்ளூவாகவும் இருக்கலாம், ஹீட்டரிலிருந்து வரும் வாயுவாகவும் இருக்கலாம், எதற்கும் ஹீட்டரைப் பார்ப்பிக்காமல் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம், மறுபடி தலையிடியோ சத்தி வாந்தியோ வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இதை நான் உனக்குச் சொன்னபோது நீ ஃப்ளூவை மட்டும் பிடித்துக்கொண்டாய். என்னுடைய ஃப்ளூவைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாய். பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இருமலோடு போகக்கூடாது என்றுதானே பிள்ளை பிறந்த நாள்முதல் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டிவிட்டு, இருமல் நிற்கும்வரை உன் வீட்டுக்கு வராமல் இருந்தேன். நான் நேற்று உன் வீட்டுப் படி ஏறுமுன்பே சுமதிக்குத் தலையிடி இருந்தது.

நேற்று நீ அந்த அறையை எனக்குக் காட்டிய அழகு என் கண்ணுக்குள் நிற்கிறது. இல்ஃபோர்டில் நீ வாங்கிய முதல் வீடு, அதில் உன் மகளுக்காக நீயே ஒழுங்குபடுத்திய அறை. யன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டி, ஹெயார் டிரையரால் சூடுகாட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் செய்திருந்தாய். கதவைச் சுற்றிப் பஞ்சுப் பட்டி. தரைப்பலகை இடுக்குகளுக்குள் பசை. வீடு முழுக்க ரேடியேட்டர்களை மூடிவிட்டு இந்த ஒரு அறையில் காஸ் ஹீட்டரை மாத்திரம் எரித்தால் பில் பாதியாகிவிடும் என்று விளக்கினாய். அலுமாரியைக் கொஞ்சம் இழுத்து, சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தையும் அடைத்து மேலே அதே பூப்போட்ட வோல்பேப்பரை ஒட்டியதைக் காட்டினாய். எங்கே துவாரம் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு துப்புரவான வேலை. சுமதி காதில் பஞ்சும் தலையில் துணியுமாகக் கட்டிலில் இருந்தாள். "மாமி, எனக்கு எந்த நேரமும் தலையிடி. எங்கையோ காத்துப் பட்டிட்டுதாக்கும்," என்றாள். நீ உடனே, "அந்தக் கதவைத் திறந்து வைக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்று அவளை ஏசினாய். பிறகு தொட்டிலைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு, "எங்கடை தங்கச்சி வாணி மாதிரித்தான் அம்மா. நல்ல பிள்ளை. அழுறதே இல்லை," என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். நீலமாக நிற்க வேண்டிய நெருப்பு மஞ்சளாகச் சோம்பி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் கரி படர்ந்திருந்தது. யன்னலில் தண்ணீர் வழிந்தது. எனக்கும் நெற்றிப்பொட்டில் இடிக்கத் தொடங்கியிருந்தது. துவாரத்தைத் திற என்றேன், ஹீட்டரை நிறுத்து என்றேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு கோபித்தாய். பிள்ளைப்பெத்தவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவளே நான்தானே என்றாய். அதற்கும் நான் விடாமல் நிற்க, "இதெல்லாம் அப்பா எனக்குக் காட்டித் தந்த வேலை. அந்தாள் இருந்திருந்தால் இந்த அறையைப் பாத்து எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்," என்றாய். அதோடு நான் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். புறப்படுமுன் நானே போய் ஹீட்டரை நிறுத்தினேன். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே நீ அதைத் திரும்ப மூட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வீட்டுக்கு வந்தேன். அதற்காக என்னை எவ்வளவு ஏசினாலும் தகும்.

உனக்கு ஒரு குளிர்காலம் நினைவிருக்கிறது. எனக்கும் அதே குளிர்காலம் நினைவிருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாங்கள் லண்டனுக்கு வந்த இரண்டாவது ஆண்டு. இதே ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் இரண்டு அறைகள், ஒன்றில் மட்டும் காஸ் ஹீட்டர். யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி உறையும், நீ அதில் நகத்தால் பெயர் எழுதி விளையாடுவாய். அப்பாவுக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. கண்ணாடிக் கூட்டுக்குள் நாள் முழுக்க விறைத்துவிட்டு வந்து, ஹீட்டருக்கு முன்னால் இருந்து கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். வாணி வயிற்றில் இருந்தாள். பிள்ளை பிறக்கப்போவது தை மாதத்தில். அப்பா காஸ் பில்லையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை கிண்டினார். பழைய பத்திரிகைகளைக் கிழித்து யன்னல் சட்டங்களைச் சுற்றி ஒட்டினார். நீ பள்ளிக்கூடத்தால் வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் பசைச் சட்டியோடு அவருக்குப் பின்னால் திரிந்தாய். "வெள்ளைக்காரன் வீட்டைக் கட்டிப்போட்டு சுவரிலை ஓட்டையும் விட்டிருக்கிறான். உள்ளை எரிக்கிற காஸ் எல்லாம் வெளியாலை போகட்டுமாம்," என்று அவர் சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா உன்னோடு அவ்வளவு நேரம் இருந்தது அந்த ஒரு கிழமைதான். அதை நீ ஏன் பொத்தி வைத்திருக்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

வாணியோடு ஆஸ்பத்திரியால் வந்ததும் உன் பெரிய மாமி வந்து சேர்ந்தா. அப்பாவின் அக்கா, பத்தியம் பார்ப்பதற்கென்றே லூயிஷாமிலிருந்து பெட்டியோடு வந்தவ. நல்ல மனம், கெட்டியான கை, மிளகும் மல்லியும் அரைத்து அவ வைத்த அந்தச் சரக்குக் கறி இல்லாவிட்டால் நான் எழும்பியிருக்கமாட்டேன். ஆனால் அவவுக்கு உலகத்தில் ஒரேயொரு எதிரி, அது காற்று. என் காதில் பஞ்சு, தலையில் துணி, காலில் இரண்டு சோடி சொக்ஸ். அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. நாலைந்து நாளில் எனக்குத் தலையிடி தொடங்கியது. காற்றுப் பட்டுவிட்டது என்றா மாமி. அப்பா யன்னலில் இன்னொரு அடுக்குக் கடுதாசி ஒட்டினார். பிறகு தலைசுற்று வந்தது. மாமி கதவடியைச் சீலையால் அடைத்தா. பிறகு சத்தி. அப்பா மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவர் ஓரமாக, யன்னல் ஓரமாக, ஓட்டை தேடி நடந்தார். எங்கே சுடர் ஆடுகிறதோ அங்கே பசை. நோய்வருத்தம் கூடக்கூட நாங்கள் அறையை இன்னும் இறுக்கினோம், அறையை இறுக்க இறுக்க வருத்தம் கூடியது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மெழுகுதிரி எங்கும் அசையவில்லை. அப்பா அதை நேராகப் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நின்று, "பாத்தீரே, இனி ஒரு மூச்சுக் காத்தும் வராது," என்றார். அவ்வளவு பெருமை.

பிள்ளையோ நித்திரை. பால் குடிக்கும்போதே நித்திரை. வருகிற சனமெல்லாம், எவ்வளவு நல்ல பிள்ளை, தாயை உபத்திரவப்படுத்தாத பிள்ளை என்று புகழ்ந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். நீ இரவு பகலாக அழுத பிள்ளை, இவளாவது என்னை நித்திரை கொள்ள விடுகிறாளே என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பிள்ளையை நிறுக்க கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. மாமி வேண்டாம் என்று தலைகீழாக நின்றா. தெருவில் சிலுசிலுவென்று பனித்தூறல். ஒரு மூலை திரும்புவதற்குள் என் தலையிடி கழன்று போயிற்று. இன்னொரு தெரு தாண்டுமுன் வாணி தள்ளுவண்டிக்குள் கிடந்து வீறிட்டாள். வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் அவள் பழையபடி அடங்கிவிட்டாள், என் தலையும் பழையபடி இடித்தது. தெருவில் சுகம், வீட்டில் வருத்தம். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "தெருவிலை பட்ட காத்து வீட்டை வந்தாப் பிறகுதான் வேலை காட்டும்," என்றா மாமி. அப்பா அக்காவின் பக்கம் சாய்ந்தார். படித்த பெண்தான் நான், ஊரில் ஆசிரியையாக இருந்தவள். ஆனால் பிள்ளைப்பேற்று விஷயத்தில் மாமிக்கு எதிர்ப்பேச்சுப் பேச எனக்குப் பழக்கம் இல்லை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், நீ பள்ளிக்கூடத்தில், அப்பா மற்ற அறையில், பால் கொடுக்க வாணியைத் தூக்கினேன். தலை தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைச் சுண்டினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். ஒரு முனகலும் இல்லை. யன்னலைத் திறக்கப் போனால், பசையும் கடுதாசியும் காய்ந்து சட்டம் மரமாக இறுகிக் கிடந்தது. அயன்பெட்டி பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். மாமி ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தா. "பிள்ளையைக் கொல்லப் போறியோ? குளிருக்குள்ளை பிடிக்கிறியே," என்று தலையில் அடித்தா. அப்பா கம்பளியோடு வந்தார், அந்த ஓட்டையை அடைக்க. நான் அவரை அதுவரை ஒரு சொல் அதட்டிப் பேசியது கிடையாது. "கிட்ட வராதேங்கோ. வந்தால் நான் பிள்ளையோடை கீழை குதிப்பன்," என்றேன். உண்மையாகக் குதித்திருப்பேனோ என்னவோ, அவர் நின்றுவிட்டார். பனித்தூறல் என் கையிலும் பிள்ளையின் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் வாய் ஒரு பக்கம் கோணியது. இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. அப்பா அப்படியே படியால் இறங்கி ஓடி அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்.

அன்று நீ வீட்டுக்கு வந்தபோது யன்னலில் மட்டை அடித்திருந்தது. தெருப் பெடியன்களின் பந்து பட்டு உடைந்தது என்று அப்பா சொன்னார். தங்கச்சிக்குச் சளி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார். நீ அந்தப் பெடியன்களைத் தேடிச் சண்டைக்குப் போகிறேன் என்று நின்றாய். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கும் எனக்கும் ஒட்சிசன் தந்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிருக்காது என்றார் டாக்டர். மறுநாள் காஸ்காரர் ஒருவர் வந்தார். புகை வரும் குச்சி ஒன்றைக் கொளுத்தி ஹீட்டரின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை சிமினிக்குள் ஏறிப் போக வேண்டும். அது திரும்பி எங்கள் பக்கம் வந்தது. சிமினிக்குள் செங்கல்லும் காக்கைக் கூடும், சுவர்த் துவாரத்தில் எங்கள் கடுதாசி. நெருப்பு எரியக் காற்று இல்லை, எரிந்தது வெளியே போக வழியும் இல்லை. அந்த வாயுவின் பெயரை நீ பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பாய், காபன் மொனொக்சைட். மணம் இல்லை, நிறம் இல்லை. ஆட்களை நித்திரையாக்கிவிடும், அவ்வளவுதான். நீ தப்பியது பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்ததாலும் இரவில் மற்ற அறையில் படுத்ததாலும். அப்பா தப்பியது அந்தப் பெற்றோல் ஷெட் குளிரால், மாமி தப்பியது நாள் முழுக்க அடுப்படியில் நின்றதால்.

இதை ஏன் உனக்கு இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அப்பா சொல்ல வேண்டாம் என்றார். தன் மானத்துக்காக என்று நினைத்துவிடாதே. அந்தச் சுவர்த் துவாரம் அலுமாரிக்குப் பின்னால், ஒடுக்கமான இடத்தில் இருந்தது. அவருடைய கை போகவில்லை. உன்னுடைய சின்னக் கைதான் போயிற்று. அந்தத் துவாரத்தின் மேல் கடுதாசியை ஒட்டி, விரலால் நீவி, "முடிஞ்சுது அப்பா," என்று சொன்னவன் நீ. "பெடியனுக்கு ஒருநாளும் சொல்லாதையும். தான்தான் தங்கச்சியைக் கொல்லப் பாத்தது எண்டு நினைப்பான். அவன் நினைச்சு நினைச்சே கெட்டுப் போவான்," என்றார். நான் சம்மதித்தேன். அவர் போகும்வரைக்கும், போன பிறகும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். இன்றைக்கு மீறுகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒட்டச் சொன்னால் அது ஒட்டும். அதில் உனக்கு ஒரு துளிப் பழியும் இல்லை, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்வேன். ஆனால் இப்போது உனக்கு ஒன்பது வயது இல்லை. இப்போது உனக்குச் சொல்லியாயிற்று.

அப்பா அதற்குப் பிறகு எப்படி இருந்தார் என்று உனக்கே நினைவிருக்கும், காரணம்தான் தெரியாது. வாணி நித்திரையாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. போய்க் காலில் கிள்ளி அழ வைத்துவிட்டு வருவார். நீ எத்தனை தரம் அவரோடு சண்டை பிடித்தாய், "சும்மா கிடக்கிற பிள்ளையை ஏன் அப்பா கிள்ளுறீங்கள்?" என்று. அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார். அவள் ஓடித் திரியும் வயது வந்தபிறகும் இரவில் எழும்பி அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பார். பத்திரிகையைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவார். நல்ல மனிதன் தம்பி, உன் அப்பா. குளிர் பட்டுவிடக் கூடாது என்ற அன்பில் செய்த வேலை. நீயும் அந்த அன்பில்தான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த அன்புக்கு அவர் பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் மகனையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் கட்டி, பிள்ளையும் வளர்ப்பவனுக்குச் செலவின் அருமை தெரியத்தான் வேண்டும். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு இத்தனை குளிர்காலம் இந்த ஊரில் கழித்துவிட்டேன், பில்லைப் பார்த்து இப்போதெல்லாம் எனக்கு நெஞ்சிடிப்பது இல்லை. கூரைக்குள் ஏறிப் பார், முன்னிருந்தவர்கள் போட்ட பழைய கம்பளிப் பஞ்சு நசிந்து போயிருக்கும். அதற்கு மேலே புதிதாக ஒரு படை போடு, சூடு மேலால்தான் ஓடுகிறது. சுடுதண்ணித் தொட்டிக்கு ஒரு தடித்த சட்டை வாங்கிப் போடு. திரைச்சீலைக்கு உட்துணி வைத்துத் தைத்துத் தருகிறேன், பொழுதுபட்டதும் இழுத்துவிடு, ஆனால் ரேடியேட்டரை மூடிக்கொண்டு தொங்க விடாதே. பாவிக்காத அறைக் கதவுகளைச் சாத்தி வை. யன்னல் தாள், கதவுப் பட்டி எல்லாம் இருக்கட்டும். நீ செய்ததில் முக்கால்வாசி நல்ல வேலைதான், அதையும் சொல்ல வேண்டும். சுவரில் வேண்டுமென்று விட்ட துவாரத்தை மட்டும் தொடாதே, அது வீட்டின் மூக்கு. காஸ் எரிகிற எதையும் வருடம் ஒருதரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டு. சுமதிக்குக் காதில் பஞ்சு வை, சரக்குக் கறி நானே கொண்டுவருவேன், துடக்குக் கழிவையும் முறையாகச் செய்வோம். அதில் ஒன்றையும் நான் விடச் சொல்லவில்லை. அந்த மூச்சை அடைக்காமல் விடு என்றுதான் சொல்கிறேன்.

நாளைக் காலை காஸ்காரர் உன் வீட்டுக்கு வருகிறார். நான்தான் கூப்பிட்டேன், உன்னைக் கேட்காமல். வீட்டுக்காரன் நீ, கதவைத் திறப்பதும் திறக்காமல் விடுவதும் உன் கையில். ஆனால் அவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுமதி அங்கே வரமாட்டாள். இது என் கட்டளை இல்லை. இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து முழுக்கக் கேட்டாள். பிறகு, "மாமி, நேற்றுச் சாமம் நான் அவளைப் பாலுக்கு எழுப்பினனான். அவள் எழும்பேல்லை. நல்லா நித்திரை கொள்ளுறாள், விடு எண்டு இவர் சொன்னவர். நானும் விட்டிட்டன்," என்றாள். இதை நான் சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனால் அவரைப் பேசாதேங்கோ. என்னைப்போலை அவருக்கும் தெரியாதுதானே," என்றாள். அவளுக்கு நீ எப்படிக் கிடைத்தாய் என்று நான் நினைத்ததுண்டு. உனக்கு அவள் எப்படிக் கிடைத்தாள் என்று இன்று நினைக்கிறேன்.

நீ இப்போது குசினியில் இருந்து யோசிப்பாய். துவாரத்தைத் திறந்துவிட்டால் போதுமே, ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு இங்கேயே படுத்துவிடலாம், காலையில் அந்த மனிதர் வரட்டும் என்று. உன்னை எனக்குத் தெரியும், அம்மா வீட்டில் வந்து தலைகுனிந்து நிற்பதைவிடக் குளிரில் விறைப்பது மேல் என்று நினைப்பவன். சிமினிக்குள் என்ன கிடக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நேற்று இரவு அந்த வீட்டில் மூன்று பேர் மூச்சு விட்டீர்கள். இன்றிரவு நீ தனியாகப் படுத்தால், எழுப்பிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. குகன் கார் எஞ்சினை நிறுத்தாமல் வெளியே நிற்பான். இங்கே வந்தால் யாரும் உன்னை ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம், சோறு போடுவேன், சாப்பிட்டுவிட்டுப் படு. வரும்போது அங்கே யன்னல்களைச் சாத்த வேண்டாம். ரேடியேட்டரைப் போட்டு வீட்டைச் சூடாக்கவும் வேண்டாம். நீ நாள் நாளாகச் சேர்த்து வைத்த சூடு முழுவதும் தெருவுக்குப் போகட்டும். விட்டுவிட்டு வா.